படத்தில் இல்லாத குரங்கு

அத்தைக்கு ஒருவர் மேல் சந்தேகம் வர நிமிஷம் போதும்; அது போகத்தான் வருஷம் ஆகும். மாப்பிள்ளைக்கு இது முதன்முதலாக மாமியார் வீட்டுக்குப் போன அன்றே தெரிந்துவிட்டது. "வெயில்ல நடந்தே வந்தேன்" என்று அவர் பணிவாகச் சொல்ல, அத்தை காபியை நீட்டிக்கொண்டே வாசலில் கிடந்த செருப்பை எட்டிப் பார்த்தார். "அப்படியா? செருப்புக்குத் தெரியாம நடந்திருக்கீங்க போல. அதுல ஒரு தூசி இல்லையே" என்றார். பெண்ணைக் கொடுத்தார், நம்பிக்கையைக் கொடுக்கவில்லை.

பின்னால் மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கடை வேலை போனபோது, தன் துப்பறியும் அலுவலகத்தில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டவரும் அதே அத்தைதான். "வீட்ல உட்கார்ந்து என் பொண்ணு உயிரை எடுக்கறதுக்கு, இங்க வந்து என் உயிரை எடுங்க." அதுதான் நியமன உத்தரவு.

அந்த இருவரும் இப்போது பொம்மைக் காட்சிக்கூடத்து நிர்வாகியின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகியின் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. எல்லாச் சுருக்கமும் நெற்றியில் இருந்தது. மேஜை மேல் பலாக்காய் அளவுக்கு ஒரு சாவிக்கொத்து.

"இத்தனை சாவியா சார்? எங்க வீட்ல ஒரே ஒரு சாவி. அதுவும் என் சம்சாரம் இடுப்புல" என்று மாப்பிள்ளை கொத்தைக் கையில் எடுத்தார். நீளச் சாவிகளுக்கு நடுவே, பட்டாம்பூச்சி சிறகை விரித்த மாதிரி குட்டையாக ஒன்று. "அட, இது எந்தப் பூட்டுக்கு?"

நிர்வாகி கொத்தை மெல்ல இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "எல்லாம் பழைய அலமாரிங்க. பூட்டும் பழசு. நீங்க இதைப் பாருங்க."

கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினார். காட்சிக்கூடத்தின் வலைத்தளம். போன மாதம் நடந்த ஆண்டு விழாப் படம். நடுவில் காட்சிக்கூடக் குழுவின் தலைவர் அம்மா, பக்கத்தில் நிர்வாகி, சுற்றிலும் விருந்தினர்கள். பின்னால் நாலு பக்கமும் கண்ணாடி போட்ட அலமாரி. அதன் மேல்தட்டு காலி. படத்துக்குக் கீழே இப்படி இரண்டு வரி:

'நடுவில் தலைவர் அம்மா. பின்னால் அலமாரி மேல்தட்டில் தகரக் குரங்கு, இதோ அடிக்கப் போகிறேன் என்பது போல் மேளக் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில்...'

அதற்கு மேல் புள்ளிகள்தான்.

"குரங்கு எங்க சார்?" என்றார் மாப்பிள்ளை.

"அதுதானே கேள்வி! குரங்கு திருடு போய் ஒரு மாசமாச்சு. முதுகுல சாவி கொடுத்தா மேளம் அடிக்கும். எங்க இடத்துக்கே அதுதான் பேரு. குழந்தைங்க வந்தா நேரா அதுகிட்டதான் ஓடும்."

நிர்வாகி விளக்கினார். அலமாரிச் சாவிகள் வழக்கமாக ஓர் அம்மாவிடம் இருக்கும். சாவிக்காரம்மா என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். விழா முடிந்ததும், கணக்கெடுப்புக்காகக் கொத்தை அவர் எல்லார் எதிரிலும் நிர்வாகியிடம் ஒப்படைத்தார். மறுநாள் பார்த்தால் குரங்கு இல்லை. விழா நேரத்தில் குரங்கு இருந்தது என்று சாவிக்காரம்மா சத்தியம் செய்தார். ஆனால் விழாப் படத்தில் தட்டு காலி. அப்படியானால் விழாவுக்கு முன்பே போயிருக்கிறது. அப்போது சாவி அவரிடம்தான்.

"விழாவுக்கு வந்தவங்க யாரும் பார்க்கலையா?" என்று அத்தை கேட்டார்.

"பொம்மையை யார் மேடம் பார்த்தாங்க? எல்லாரும் கேமராவைத்தான் பார்த்தாங்க."

"படம் எடுத்தது?"

"ஆபீஸ் கேமரா. இடம் இல்லேன்னு பழைய படத்தை எல்லாம் அழிச்சாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் குழு கூடுது. அந்தம்மாவை வேலையை விட்டு எடுத்துட்டு, போலீஸ்ல எழுதிக் கொடுக்கறதா முடிவு. காலையில பார்த்தா இந்த வரி! யாரோ அந்தம்மாவுக்காக விஷமம் பண்றாங்க. இதை எழுதினது யாருன்னு தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன்னு தலைவர் அம்மா ஒத்தைக் கால்ல நிக்கறாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு திரைக்கு மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். படத்தின் வலது ஓரத்தில் வெளிர் நிறப் புடவையில் ஓர் அம்மா, கையில் அதே சாவிக்கொத்து.

"இவங்கதானா?"

"ஆமாம்."

"எதைப் பார்த்துச் சிரிக்கிறாங்க?"

நிர்வாகி குனிந்து பார்த்தார். எல்லாரும் கேமராவைப் பார்க்க, சாவிக்காரம்மா மட்டும் முகத்தைத் திருப்பி அலமாரியின் மேல்தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சும்மா சிரிச்சிருப்பாங்க மேடம்."

"காலித் தட்டைப் பார்த்தா?" என்றார் அத்தை. "எங்க வீட்டு மாவு டப்பா காலியா இருந்தா எனக்குச் சிரிப்பு வரதில்ல."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "அத்தை, எழுதினது சாவிக்காரம்மாவாத்தான் இருக்கும். தப்பிக்கப் பார்க்கிறாங்க."

"சரி. மத்த படத்துக்குக் கீழயும் ஏதோ எழுதியிருந்துச்சே, பார்த்தீங்களா?"

மாப்பிள்ளை செல்போனில் தளத்தைத் திறந்தார். அவர் கண்கள் விரிந்தன. எல்லாப் படத்துக்கும் கீழே வரிகள். 'மரக் குதிரை. வாலில் பாதி மயிர் இல்லை.' 'நிர்வாகி பேசுகிறார். பின் வரிசையில் ஒருவர் கொட்டாவியைக் கையால் மறைக்கிறார்.' 'தலைவர் அம்மா சிரிக்கிறார், பல் தெரியாமல்.'

"விஷமம் இல்ல அத்தை, வன்மம்!" என்று மாப்பிள்ளை சிரித்தார். "நிர்வாகி மேலயும் கோபம், குதிரை மேலயும் கோபம்."

"ஒரு ராத்திரியில இவ்வளவு எழுத முடியுமா? நீங்கதான் கம்ப்யூட்டர்ல கரை கண்டவராச்சே."

"கரையைத்தான் கண்டேன், தண்ணியில இறங்கறதுக்குள்ள கடையை மூடிட்டாங்க. வாங்க, தளத்தைப் பார்த்துக்கிறவர்கிட்டயே கேட்டுடலாம்."

தளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடி அறையில் இருந்தார். காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே வாழ்கிறவர் என்பதால் கீழே கடைக்காரர், "ஹெட்போனா? மேல போங்க, கதவைத் தட்டாதீங்க, கேக்காது, தோளைத் தட்டுங்க" என்று வழி சொன்னார். மாப்பிள்ளை தோளைத் தட்டினார். ஹெட்போன் நாற்காலியோடு துள்ளினார்.

"நான் ஒரு எழுத்துகூட எழுதலம்மா!" விஷயத்தைச் சொன்னதும் அவர் இரண்டு கையையும் தூக்கினார். "படத்துக்குக் கீழ ஏதாவது வரி இருந்தா நல்லாருக்கும்னு தலைவர் அம்மா சொன்னாங்க. நேத்து ஒரு கேப்ஷன் ப்ளக்-இன் போட்டேன், அவ்வளவுதான்."

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குக் கிடைத்தற்கரிய நேரம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"உங்க தையல் மிஷின்ல ஓரம் அடிக்க ஒரு சின்னச் சாமானை மாட்டுவீங்களே அத்தை, அந்த மாதிரி. தளம் பாட்டுக்கு ஓடும். இதை மாட்டினா, படத்துக்கெல்லாம் கீழ தானாக் குறிப்பு வந்துடும்."

"தானா வரதுக்கு அது என்ன மழையா? எங்கேருந்து வருது?"

"அதான்மா," என்றார் ஹெட்போன், "ஒவ்வொரு படத்துக்குப் பின்னாடியும் ஒரு விவரம் எழுதி வைக்க இடம் உண்டு. பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியாது. முக்காவாசிப் பேர் அதைக் காலியா விட்டுடுவாங்க. இந்த ப்ளக்-இன் அதுல என்ன இருக்கோ அதை இழுத்துட்டு வந்து கீழ போட்டுடும். நீளமா இருந்தா பாதியில வெட்டிப் புள்ளி வைக்கும். இந்தத் தளத்துல எல்லாப் படத்துக்கும் எழுதியிருக்குன்னு எனக்கே நேத்துதான் தெரியும்."

"யார் எழுதினது?"

"எனக்கு முன்னால ஒரு அக்கா பார்த்துக்கிட்டிருந்தாங்க. விழாப் படத்தை எல்லாம் ஏத்திட்டு அந்த வாரமே வேற வேலைக்குப் போயிட்டாங்க. நான் வந்து விழாப் படத்தை மாத்தினதோட சரி, வேற எதையும் தொடல."

அத்தையின் தலை மெல்லத் திரும்பியது. "மாத்தினீங்களா?"

"மங்கலா இருக்குன்னு ஆபீஸ்ல தெளிவான பிரதி கொடுத்தாங்கம்மா. பழசை எடுத்துட்டு, அதே பேர்ல அதே இடத்துல போட்டேன்."

"படம் மாறிச்சு. பின்னாடி எழுதியிருந்த விவரம்?"

"அது அப்படியேதான் இருக்கும். படத்தை மாத்தினா எழுத்து மாறாதே."

மாடிப்படியில் இறங்கும்போது மாப்பிள்ளையின் வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தை, ஒரு சந்தேகம். யார் கண்ணுக்கும் தெரியாத இடத்துல, 'குதிரைக்கு வால் இல்ல, தலைவருக்குப் பல் தெரியல'ன்னு உட்கார்ந்து எழுத அந்த அக்காவுக்கு என்ன தலையெழுத்து? படத்தைப் பார்த்தாலே தெரியறதைத் திரும்ப எதுக்கு எழுதணும்?"

அத்தை படியில் நின்றுவிட்டார். "இன்னொரு தரம் சொல்லுங்க."

"தலையெழுத்தா?"

"அதுக்கு அப்புறம்."

"பார்த்தாலே தெரியறதை எதுக்கு..."

"பார்க்கிறவங்களுக்குத் தெரியும்" என்றார் அத்தை. "பார்க்க முடியாதவங்களுக்கு யாராவது சொன்னாத்தானே தெரியும்? இது வன்மம் இல்ல மாப்பிள்ளை. பக்கத்துல உட்கார்ந்து ஒருத்தர் காதுல சொல்ற பேச்சு. அதான் கொட்டாவி வரைக்கும் வந்திருக்கு."

மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். படம் வந்தால் அந்த மறைவான விவரத்தைத்தான் படிக்கும். கடையில் இருந்தபோது கேள்விப்பட்டதுதான். தெரிந்த விஷயம் தேவைப்படும் நேரத்தில் ஒளிந்துகொள்வது அவருக்குப் பழக்கம்.

அத்தை சொன்னது சரிதான். ஹெட்போன் கொடுத்த விலாசத்தில் கதவைத் திறந்த அந்த அக்காவுக்குப் பின்னால், ஜன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார் அவர் கணவர். கண்கள் மூடியே இருந்தன; கத்தி நிற்கவில்லை.

"ரெண்டு பேர்" என்றார் கணவர். "ஒருத்தர் வேகமா நடக்கிறவங்க. இன்னொருத்தர் பின்னாடி இழுத்துட்டு வர்றவர்."

"இழுத்துட்டு வர்றவர் மாப்பிள்ளை" என்றார் அத்தை.

"அப்ப நியாயம்தான்."

விஷயம் கேட்டதும் அக்காவின் முகம் வெளுத்தது. "ஐயோ, அது எல்லாம் வெளிய தெரியுதா? 'பல் தெரியாமல்'கூடவா?"

"பத்திரிகையில போடற அளவுக்கு" என்றார் மாப்பிள்ளை.

"இவருக்காக எழுதினேன். இவர் டெலிபோன் ஆபீஸ்ல வேலை. மத்தியானம் சாப்பிடும்போது நான் ஏத்தின பக்கத்தை எல்லாம் கேப்பார். 'படம்'னு மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி இருக்கும்? அதான் வீட்ல சொல்ற மாதிரியே எழுதி வச்சேன். தப்பா?"

அத்தையின் முகம் இளகவில்லை. "தப்பு இல்ல. ஆனா திருட்டு போனதுக்கு அப்புறம், சாவிக்காரம்மா கேட்டாங்கன்னு நீங்க குரங்கைச் சேர்த்து எழுதியிருக்கலாமே? குழுவுல அதைத்தான் கேப்பாங்க. நானே கேப்பேன்."

"அந்தம்மாவோட நான் நாலு வார்த்தை பேசினதுகூட இல்லைங்க! படத்துல குரங்கு இருந்துச்சு, எழுதினேன்."

"இப்ப இல்லையே."

அக்கா படத்தைப் பார்த்தார். கணவனைத் திரும்பிப் பார்த்தார். "இல்லைங்க. தட்டு காலியா இருக்கு. அழிச்சிருக்காங்க."

கத்தி நின்றது. கணவர் கொஞ்சம் யோசித்தார். "கண்ணாடியில?"

"எந்தக் கண்ணாடியில?" என்றார் அத்தை.

"நீ எழுதியிருந்தியே, மறந்துட்டியா? எனக்கு அந்தப் படம் மனப்பாடம். குரங்கு குச்சியைத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அப்புறம், 'ஓரத்தில் சாவிக்கொத்தோடு ஓர் அம்மா. எல்லாரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் குரங்கைப் பார்த்துச் சிரிக்கிறார். மூலையில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியில் குரங்கின் முதுகு தெரிகிறது. முதுகில் சாவி.' அந்தச் சாவியைப் பத்திகூட ஏதோ சொல்லியிருந்த."

புள்ளி வைத்து வெட்டப்பட்ட மிச்சம் அதுதான். பொம்மைகளின் பின்பக்கத்தையும் குழந்தைகள் பார்க்கட்டும் என்று அந்த அறையின் மூலையில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை செல்போன் படத்தை விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கினார். ஒரு விருந்தினரின் தோளுக்கு மேலே, கட்டைவிரல் நகம் அளவுக்கு அந்தக் கண்ணாடி. அதில் தகர முதுகு. தட்டில் இருந்த குரங்கை அழித்தவர் கண்ணாடியில் இருந்த குரங்கை விட்டுவிட்டார்.

"முதுகுல சாவியும் இருக்கு" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார். அடுத்த நொடி அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அபூர்வம்.

அத்தையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ரெண்டு பேரும் கிளம்புங்க. காய் அப்புறம் நறுக்கலாம்" என்றார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழு கூடியிருந்தது. பெரிய கூடத்தில், காலித் தட்டுள்ள அலமாரிக்கு எதிரே நீள மேஜை. நடுவில் தலைவர் அம்மா. சுவரோரமாக ஒரு நாற்காலியில் சாவிக்காரம்மா. மடியில் வெறும் கைகள். வருஷக்கணக்காகக் கொத்தைப் பிடித்துப் பழகிய விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. யாரையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எழுதினவங்க கிடைச்சாங்களா?" என்று நிர்வாகி எழுந்தார்.

"கிடைச்சாங்க. இதோ நிக்கறாங்க" என்றார் அத்தை. "ஆபீசை விட்டுப் போறதுக்கு முன்னாடி எழுதினது. நேத்துதான் வெளிய தெரிஞ்சுது."

"பார்த்தீங்களா தலைவரம்மா! வேலையை விட்டுப் போன கோபத்துல..."

"சார், சின்ன உதவி" என்று அத்தை குறுக்கிட்டார். "உங்க சாவிக்கொத்தைக் கொஞ்சம் கொடுக்கறீங்களா? என் மாப்பிள்ளைக்கு ஒரு அல்ப ஆசை."

"ஆமா சார்" என்றார் மாப்பிள்ளை. "காலையில இருந்து ஒரு சாவி கண்ணுக்குள்ளயே நிக்குது."

நிர்வாகியின் கை சட்டைப் பைக்குப் போய், பாதியில் நின்றது. தலைவர் அம்மா கையை நீட்டினார். தர வேண்டியதாயிற்று.

அத்தை பட்டாம்பூச்சிச் சாவியைத் தனியாகத் தூக்கிப் பிடித்தார். மற்றவை கலகலவென்று தொங்கின. "இது எந்தப் பூட்டுக்கு?"

"ஏதோ... பழைய பெட்டி..."

"இதுல துளைதான் இருக்கு, பல்லே இல்லையே சார். பல் இல்லாத சாவி பூட்டைத் திறக்காது. பொம்மைக்குத்தான் கொடுக்க முடியும்." அத்தை செல்போனைத் தலைவர் அம்மாவின் முன்னால் வைத்தார். விரித்த படத்தில் மூலைக் கண்ணாடி, தகர முதுகு, அதில் சிறகு விரித்த அதே சாவி. "தட்டுல அழிச்சவங்க இதைப் பார்க்கல. விழா நடக்கும்போது குரங்கு இருந்திருக்கு. அதுக்கப்புறம் கொத்து யார்கிட்ட இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். தனியா வச்சா மாட்டிக்குவோம்னு, சாவியோட சாவியாக் கோத்துட்டார். யோசனை நல்ல யோசனைதான். மேஜை மேல வச்சதுலதான் கெட்டுது."

நிர்வாகி உட்கார்ந்தார். சட்டையிலும் இப்போது சுருக்கம் விழுந்தது.

"திருடல" என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "விழா முடிஞ்சு சம்பந்தி வீட்டுக்காரங்க பார்க்க வந்திருந்தாங்க. பொண்ணைக் கொடுத்த இடம். நம்ம மதிப்பு தெரியட்டும்னு எடுத்துச் சாவி கொடுத்துக் காட்டினேன். அடிச்சுது. எல்லாரும் கை தட்டினாங்க. இன்னும் ஒரு சுத்துன்னாங்க. முறுக்கினேன். உள்ள டக்குன்னு ஒரு சத்தம், சாவி கையோட வந்துடுச்சு. அவ்வளவுதான். எப்படிச் சொல்றது? நான்தான் எல்லார்கிட்டயும் 'தொடாதீங்க, தொடாதீங்க'ன்னு..."

"குரங்கு கையில பூமாலைன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. "இங்க குரங்கே பூமாலையாப் போச்சு."

"மாப்பிள்ளை" என்றார் அத்தை. அவர் வாயை மூடிக்கொண்டார். அத்தை நிர்வாகியின் பக்கம் திரும்பினார். "பொம்மை உடைஞ்சதைச் சொல்ல வெட்கம். சரி, மனுஷனுக்கு வரதுதான். அதுக்காக இந்தம்மாவைத் திருடின்னு போலீசுக்கு அனுப்பற வரைக்கும் வந்தீங்களே, அங்க ஏன் வெட்கம் வரல? நாங்க கண்டுபிடிக்க மாட்டோம்னு நம்பித்தானே, ஊர்ல இத்தனை பேரை விட்டுட்டு மாமியாரும் மருமகனும் நடத்தற கடைக்கு வந்தீங்க?"

நிர்வாகி எழுந்து போய்த் தன் அறை இழுப்பறையிலிருந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். துணிக்குள் குரங்கு, குச்சிகளைத் தூக்கியபடியே, அடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது.

தலைவர் அம்மா தன் முன்னாலிருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றித் தானே நடந்து போய்ச் சாவிக்காரம்மாவின் கையில் வைத்தார். "மன்னிச்சிடும்மா. படத்தை நம்பினேன், உன்னை நம்பல."

சாவிக்காரம்மா எழுந்து, அந்தத் துணியோடு குரங்கைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார்.

வாசலோரம் அக்காவும் கணவரும் நின்றிருந்தார்கள். கணவர் குனிந்து கிசுகிசுத்தார். மாப்பிள்ளைக்கு அது நன்றாகக் கேட்டது.

"ஏன் எல்லாரும் சும்மா இருக்காங்க? என்ன நடக்குது?"

"அந்தம்மா அலமாரியைத் திறக்கிறாங்க."

"அப்புறம்?"

"குரங்கை மேல்தட்டுல வைக்கிறாங்க. குச்சியைத் துடைக்கிறாங்க. கதவைச் சாத்திப் பூட்டிட்டாங்க. பார்த்துட்டே நிக்கறாங்க."

"சிரிக்கிறாங்களா?"

அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்ல" என்றார் அக்கா. "இருங்க. கொஞ்சம் இருங்க. ஆங்... இப்ப."